என் அழைப்பு எது? பெங்களூருவில் இருந்துகொண்டே தேட நான்கு வழிகள்: ஓர் ஒப்பீடு

கடவுள் என்னை எதற்காகப் படைத்தார்? பெங்களூருவில் வேலை பார்க்கும் நம் தமிழ்ப் பிள்ளைகளிடமிருந்து இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. சம்பளம் வருகிறது, ஊருக்குப் பணம் போகிறது, ஞாயிறு ஆராதனையும் தவறுவதில்லை. ஆனாலும் அவுட்டர் ரிங் ரோட்டில் நகராமல் நிற்கும் கம்பெனி பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும்போது மனசு கேட்டுவிடுகிறது: இவ்வளவுதானா?

கேள்வியை வெளியே சொன்னால் யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. "எட்டு நாள் தியானத்துக்குப் போய் வா" என்கிறார் ஒருவர். "பெரியவங்க யாரையாவது பிடிச்சுப் பேசு" என்கிறார் இன்னொருவர். "முதல்ல ஏதாவது ஒரு ஊழியத்துல கைவை" என்பவரும் உண்டு, "வேலையை விட்டுட்டு வேதாகமக் கல்லூரியில சேர்ந்துடு" என்பவரும் உண்டு. எல்லாமே நல்ல எண்ணத்தில் சொல்பவைதான். கேட்கிறவர் மட்டும் எதையும் தொடங்காமல் வருடக்கணக்கில் நின்றுவிடுகிறார். அதனால் இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

அதற்கு முன் ஒரு விஷயம். புத்தாண்டு ஆராதனையில் வாங்கும் வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11 அடிக்கடி வரும். தேவன் நம்மைப் பற்றி வைத்திருக்கும் சமாதான நினைவுகளைச் சொல்லும் வசனம். அது யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். சொந்த ஊரைவிட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. இன்னும் கொஞ்சம் மேலே போனால், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் நலனைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்று சொல்லியிருக்கிறது. பிழைக்க வந்த ஊரில் இருக்கும் நமக்கு இது நேராகவே பேசுகிறது. தேவனை நேசிப்பது, அயலானை நேசிப்பது, நீதி செய்வது எல்லாம் எல்லாருக்கும் பொதுவான அழைப்பு. அதற்கு யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே நாம் ஒப்பிடப்போவது அதற்குள் அவரவருக்கென்று இருக்கும் தனிப் பங்கைக் கண்டுகொள்ளும் வழிகளைத்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்கும் கேள்விகள் இவை. எவ்வளவு நேரமும் பணமும் பிடிக்கும்? வீட்டில் இருப்பவர்கள் மேல் எவ்வளவு சுமை விழும்? சரிவரவில்லை என்றால் திரும்பி வர முடியுமா? இவற்றைவிட முக்கியமாக, என் சொந்த ஆசையையே தேவ சித்தம் என்று நான் நம்பிவிடாமல் அந்த வழி என்னைக் காக்குமா?

கடைசிக் கேள்விக்கே நான் அதிக எடை கொடுக்கிறேன். பணமும் நேரமும் போனால் பிறகு ஈடுகட்டலாம். "கர்த்தர் சொன்னார்" என்று ஊரறியச் சொல்லிவிட்டு, பிறகு அது தன் ஆசைதான் என்று தெரியவரும்போது, விசுவாசமே ஆட்டம் கண்டுபோனவர்கள் உண்டு.

## வழி 1: தனித்திருந்து தியானித்தல்

மௌனத் தியானம், உபவாச ஜெபம், சில நாள் போனை அணைத்துவைத்து ஒதுங்கியிருப்பது எல்லாம் இதில் அடங்கும். கத்தோலிக்கர்களிடம் இதற்குத் தெளிவான ஒரு முறை இருக்கிறது. சீர்திருத்த சபைக்காரர்களும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

1521-ல் ஸ்பெயின் நாட்டின் பம்ப்லோனாவில் நடந்த சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து, லொயோலாவில் தன் வீட்டில் படுத்துக் கிடந்தார், பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார். போர் வீரனாகப் பேரும் புகழும் சம்பாதிப்பதாகப் பகல் கனவு காண்பார். கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வாழ்க்கையும்தான் படிக்கக் கிடைத்தன. அவர்களைப் போலத் தானும் வாழ்வதாகவும் கனவு காண்பார். இரண்டுமே காணும்போது இனித்தன. ஆனால் முதல் கனவு முடிந்ததும் மனம் வறண்டது, இரண்டாவது முடிந்த பிறகும் சந்தோஷம் தங்கியது. இந்த வித்தியாசத்தைக் கவனித்ததிலிருந்துதான் அவருடைய 'ஆன்மீகப் பயிற்சிகள்' வளர்ந்தது. 1548-ல் அதற்குத் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது. ஒரு காரியத்தை நினைக்கும்போது வரும் இனிப்பைவிட, நினைத்து முடித்த பிறகு எது தங்குகிறது என்று பார்ப்பது இன்றைக்கும் நல்ல சோதனை.

முழுப் பயிற்சி 30 நாள். ஐ.டி. வேலையில் அவ்வளவு லீவு யார் கொடுப்பார்கள்? இஞ்ஞாசியாரே இதற்கு வழி சொல்லியிருக்கிறார். அந்த நூலின் 19-வது முன்குறிப்பில், வேலைகளை விட முடியாதவர்கள் தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, வீட்டில் இருந்தபடியே பல மாதங்களில் இதைச் செய்யலாம் என்று இருக்கிறது. எட்டு நாள் தியானங்களும் வழக்கத்தில் உண்டு. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவு பெரிய பாரமாக இருக்காது.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது. மௌனத்தில் முதலில் மேலே வருவது பெரும்பாலும் அழைப்பு இல்லை. அடக்கி வைத்த துக்கம், கோபம், அப்பா இறந்தபோது அழாமல் விட்டது என்று இவையெல்லாம் வரும். உடனிருந்து நடத்துகிறவர் இல்லாமல் தனியாக ஒரு அறையில் இதைச் சந்திப்பது சிலருக்குத் தாங்காது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் ருசியில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் தயவுசெய்து தியானத்துக்குப் புறப்படாதீர்கள், முதலில் மருத்துவரைப் பாருங்கள். நிம்ஹான்ஸ் என்ற பெரிய மனநல மருத்துவமனை இருக்கும் ஊரில் இருக்கிறோம். மருத்துவரிடம் போவதால் விசுவாசம் குறைந்துவிடாது.

இன்னொன்று, மலை உச்சியில் எடுத்த முடிவு, நெரிசல் மிகுந்த சில்க் போர்டு சிக்னலில் நிற்குமா என்பது. திரும்பி வந்து ஒரு மாதம் போகாமல் யாரிடமும் எதையும் அறிவிக்காதீர்கள்.

எப்போது இது நல்லது: ஏற்கெனவே நிறையச் செய்துகொண்டிருக்கிறீர்கள், எதை வைப்பது எதை விடுவது என்றுதான் தெரியவில்லை என்றால். ஒன்றுமே செய்து பார்க்காதவருக்குத் தியானத்தில் எடைபோடச் சரக்கு இருக்காது.

## வழி 2: மூத்தவர் ஒருவரின் துணை

சாமுவேல் தன்னை யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்டு மூன்று தரம் ஏலியிடம் ஓடினான். கூப்பிடுவது கர்த்தர் என்று அவனுக்குத் தெரியவில்லை, ஏலிக்குத்தான் புரிந்தது. அந்த ஏலியோ தன் பிள்ளைகளையே அடக்க முடியாத ஆசாரியன். வழிகாட்டுகிறவர் குறையே இல்லாதவராக இருக்க வேண்டும் என்று தேடிக்கொண்டே இருப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

புதிய ஏற்பாட்டிலும் அப்படித்தான். அந்தியோகியாவில் சபை கூடி ஆராதித்து உபவாசித்துக்கொண்டிருந்தபோதுதான் பர்னபாவையும் சவுலையும் பிரித்துவிடச் சொல்லி ஆவியானவர் பேசினார் (அப்போஸ்தலர் 13). சவுலுக்குத் தமஸ்கு வழியில் ஏற்கெனவே அழைப்பு வந்திருந்தது. ஆனாலும் சபை அதைக் கேட்டு, கைவைத்து அனுப்பியது.

பெங்களூருவில் இதில் உள்ள சிக்கல் ஆள் கிடைப்பதுதான். ஞாயிற்றுக்கிழமை அடுத்தடுத்து ஆராதனை நடத்தும் போதகருக்கு உங்களோடு உட்கார்ந்து மாதம் ஒரு மணி நேரம் பேச முடியாமல் போகலாம். அவரையே பிடிக்க வேண்டும் என்றில்லை. ஃப்ரேசர் டவுனிலோ அல்சூரிலோ இருக்கும் ரிட்டயர்டு நர்ஸ் அக்கா, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த அண்ணன் இன்னும் பொருத்தமாக இருக்கக்கூடும். அவர் அதிகம் பேசுகிறாரா, அதிகம் கேட்கிறாரா என்று பாருங்கள். முதல் சந்திப்பிலேயே "உனக்கு இதுதான் தேவ சித்தம்" என்று சொல்லிவிடுகிறவரிடம் காபி குடித்துவிட்டு, மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இதில் மறைந்திருக்கும் செலவு, அவருடைய தேவை உங்கள் அழைப்பாக மாறிவிடுவது. ஞாயிறு பள்ளிக்கு ஆள் குறைந்திருந்தால் உங்களுக்குக் குழந்தைகள் ஊழியம் என்று அவருக்குத் தோன்றும். வேண்டுமென்றே செய்வதில்லை, தோன்றிவிடும். அதனால் ஒருவரோடு நிறுத்தாமல், உங்களால் எந்த லாபமும் இல்லாத இன்னொருவரையும் கேளுங்கள்.

நம் வீடுகளில் இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. "நீ பிறக்கும்போதே உன்னை ஊழியத்துக்குன்னு பொருத்தனை பண்ணினேன்" என்று அம்மா சொல்லியிருப்பார். அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதே பாவம் என்று நினைக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அம்மாவின் ஜெபத்தை அற்பமாக எண்ண வேண்டாம். ஆனால் சாமுவேலின் அம்மா அன்னாளும் அவனைப் பொருத்தனை பண்ணினவள்தான். அதற்குப் பிறகும் கர்த்தர் அந்தப் பிள்ளையை அவன் பேர் சொல்லி, அவனிடமே நேராகக் கூப்பிட்டார்.

எப்போது இது நல்லது: முடிவு எடுப்பதில் அவசரப்படுகிறவர்களுக்கும், முடிவே எடுக்காமல் தள்ளிப்போடுகிறவர்களுக்கும். தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதிலிருந்து காப்பதில் நான்கு வழிகளிலும் இதுவே முதலிடம்.

## வழி 3: ஓர் ஊழியத்தில் கைவைத்துப் பார்ப்பது

மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைத் திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரோடு சேர்த்தே நமக்குத் தெரியும். அவர் இந்தியாவில் முதலில் வந்து இறங்கிய பணி இடம் இதே பெங்களூரு, 1895-ல். அதற்கு முன் ஜப்பானுக்குப் போய், உடம்பு முடியாமல் திரும்பியவர். பெங்களூருவிலும் அவருக்கான இடம் அமையவில்லை. பிறகு தமிழ் படிக்கத் திருநெல்வேலிச் சீமைக்குப் போனார். கிராமம் கிராமமாகச் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்தபோது, 1901-ல் கோவிலுக்கு ஒப்படைக்கப்பட இருந்த பிரீனா என்ற சிறுமி தப்பி ஓடிவந்து அவரிடம் சேர்ந்தாள். அங்கே தொடங்கியதுதான் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் காக்கும் டோனாவூர் ஐக்கியம். 1951-ல் இறக்கும்வரை அவர் தன் நாட்டுக்குத் திரும்பவே இல்லை. ஜப்பானுக்குக் கப்பல் ஏறும்போது டோனாவூர் அவர் மனதில் இருந்திருக்க முடியாது. போகப் போகத்தான் திறந்தது.

ஐடா ஸ்கடர் கதை இன்னும் பக்கத்தில் இருக்கிறது. மிஷனரி குடும்பத்தில் பிறந்து, மிஷனரி ஆகக் கூடாது என்று இருந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவிமாரைப் பார்க்க ஒரு பெண் வேண்டும் என்று கேட்டார்கள். ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்றார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்து, 1900-ல் திரும்பி வந்து வேலூரில் ஒரே கட்டிலோடு தொடங்கினார். காட்பாடிக்கு ரயில் பிடித்து நாம் போய் வரும் சி.எம்.சி. மருத்துவமனை அதுதான். அவருக்கு அழைப்பு கதவைத் தட்டிய தேவையாக வந்தது.

பெங்களூருவில் கதவைத் தட்டும் தேவைகள் எவை? ஒன்றைச் சொல்கிறேன். டெய்ரி சர்க்கிள் பக்கம் இருக்கும் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கையில் ஒரு மஞ்சள் பை, பைக்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ரிப்போர்ட்டுகள், இடுப்பில் முடிந்த பணம். சீட்டில் எழுதியிருப்பது ஆங்கிலம், கவுண்டரில் பேசுவது கன்னடம். "இது நாளைக்கா பாட்டி, அடுத்த வியாழனா?" என்று சீட்டை வாங்கிப் பார்த்துச் சொல்ல, தமிழும் கன்னடமும் தெரிந்த ஒரு ஆள் போதும். மாதம் இரண்டு சனிக்கிழமை அங்கே நின்று பார்த்தால், உங்களுக்கு நோயாளிகளோடு இருப்பது வருமா, இல்லை வெளியே வந்ததும் இரண்டு நாள் சோர்ந்து விழுவீர்களா என்பது தெரிந்துவிடும். எந்தத் தியானமும் இதை இவ்வளவு வேகமாகச் சொல்லாது. மருத்துவமனை ஒத்துவரவில்லை என்றால் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்கு மாலை டியூஷன், சிறுதொழில் செய்கிறவருக்குக் கணக்கு எழுதித் தருவது என்று எத்தனையோ இருக்கின்றன.

குறைந்தது ஆறு மாதம் ஒரே இடத்தில் நில்லுங்கள். முதல் இரண்டு மாதம் புதுமைச் சந்தோஷத்தில் போய்விடும். அதற்குப் பிறகு வருவதுதான் உண்மை. யாரும் நன்றி சொல்லாத நாளிலும் போகத் தோன்றுகிறதா? நீங்கள் செய்வதால் எதிரே இருப்பவருக்கு உண்மையிலேயே நன்மை நடக்கிறதா, உங்களுக்கு மட்டும்தான் நன்றாக இருக்கிறதா? இந்தக் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு முறை போய் வந்த பிறகும் இரண்டு வரி பதில் எழுதுங்கள்.

செலவு? வார இறுதி போய்விடும். வாரம் முழுக்கப் பிள்ளைகளைத் தனியாகப் பார்த்துக்கொண்ட மனைவி சனிக்கிழமைக்காகக் காத்திருந்திருப்பார். அவரைக் கேட்காமல் தொடங்கும் ஊழியத்துக்கு அவர்தான் விலை கொடுக்கிறார். மற்றது, வேலை செய்கிற ஆளிடமே எல்லா வேலையும் வந்து சேரும். 'முடியாது' என்று சொல்லத் தெரியாதவர் ஆறு மாதத்தில் ஐந்து குழுக்களில் இருப்பார், எது தன் அழைப்பு என்ற கேள்வியையே மறந்துபோயிருப்பார்.

எப்போது இது நல்லது: வயது முப்பதுக்குள் இருந்தால், அல்லது தன்னைப் பற்றித் தனக்கே அதிகம் தெரியவில்லை என்றால். என்னைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

## வழி 4: வேலையை விட்டுவிட்டு இறையியல் படிப்பு

பெங்களூருவில் இதற்கு வாய்ப்பு அதிகம். மில்லர்ஸ் ரோட்டில் இருக்கும் யுனைட்டட் தியாலஜிக்கல் காலேஜ் 1910-லிருந்து நடக்கிறது. கொத்தனூர்ப் பக்கமும், மல்லேஸ்வரத்திலும், தர்மாராமிலும் என்று எல்லாப் பிரிவினருக்கும் இடங்கள் உண்டு. வருடக்கணக்கில் பிடிக்கும் படிப்பு. பல இடங்களில் சபையின் பரிந்துரையும் கேட்பார்கள். அதனால் வழி 2-ஐத் தாண்டாமல் இதற்குள் போவதே கடினம், அது நல்லதுதான்.

நான்கில் திரும்பி வர மிகவும் கஷ்டமான வழி இது. வீட்டுக் கடன் மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கும், தங்கை கல்யாணம் இருக்கும், ஐ.டி.யில் மூன்று வருட இடைவெளிக்குப் பிறகு அதே இடத்தில் சேர முடியாது. எனக்கு இதில் பெரிய கவலை வேறு. வேலையில் மேலாளரோடு ஒத்துப்போகாமல் மனம் கசந்திருக்கும் நேரத்தில்தான் 'முழுநேர ஊழியம்' பலருக்கு இனிப்பாகத் தெரிகிறது. அது அழைப்பாக இருக்கலாம், ஓடிப்போவதாகவும் இருக்கலாம். மனவறட்சியின் காலத்தில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் விதிகளில் ஒன்று. அதை இங்கே அப்படியே கடைப்பிடியுங்கள்.

முழுநேர ஊழியம்தான் உயர்ந்தது, மற்றதெல்லாம் இரண்டாம் தரம் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். பவுல் கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்தார். ஆமோஸ் மந்தை மேய்த்தவர். விவசாயியின் வேலையும் வீட்டு வேலைக்காரப் பெண்ணின் வேலையும் தேவன் கொடுத்த அழைப்பே என்று மார்ட்டின் லூதர் வலியுறுத்தினார்.

எப்போது இது நல்லது: போதிப்பதும் நடத்துவதும் உங்களுக்கு வருகிறது என்று மற்றவர்கள் நீங்கள் கேட்காமலே சொல்லும்போது, வாழ்க்கைத் துணையும் மனதார ஒத்துக்கொள்ளும்போது. வேலையில் இருந்துகொண்டே அஞ்சல் வழியில் இறையியல் படிக்கவும் வழி இருக்கிறது. முதல் வருடத்தை அப்படிப் படித்துப் பார்ப்பது நல்லது.

## இன்னும் இரண்டு குறுக்கு வழிகள்

வரங்களைக் கண்டறியும் வினாத்தாள்கள்: அரை மணி நேரத்தில் முடியும், செலவில்லை. ரோமர் 12-லும் 1 கொரிந்தியர் 12-லும் உள்ள வரங்களை வைத்துக் கேள்விகள் இருக்கும். அது சொல்வது உங்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதை. பேச்சைத் தொடங்க உதவும், அவ்வளவுதான்.

தீர்க்கதரிசன வார்த்தை: தலையில் கைவைத்து ஒருவர் சொல்வதை அற்பமாக எண்ணாதீர்கள், ஆனால் எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்றுதான் வேதமே சொல்கிறது. எருசலேமில் பவுல் கட்டப்படுவார் என்று அகபு சொன்னார். கேட்டவர்கள் அழுது, போக வேண்டாம் என்றார்கள். பவுல் போனார். வார்த்தை வந்தது, முடிவு அவருடையதாகவே இருந்தது. ஏற்கெனவே உங்கள் உள்ளத்தில் இருப்பதை உறுதிப்படுத்தினால் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் ஒருவரிடம் காணிக்கையோடு ஓட வேண்டியிருந்தால் அங்கே எதுவோ சரியில்லை.

## ஒரே பார்வையில்

| | தியானம் | மூத்தவர் துணை | ஊழியத்தில் கைவைப்பது | இறையியல் படிப்பு |
|---|---|---|---|---|
| நேரம் | 8 அல்லது 30 நாள். அல்லது தினம் ஒன்றரை மணி | மாதம் ஒரு மணி | 6 மாதம், வார இறுதிகள் | சில வருடங்கள் |
| பணம் | குறைவு | இல்லை | போக்குவரத்து மட்டும் | சம்பளமே போகும் |
| வீட்டின் மேல் சுமை | குறைவு | இல்லை | நடுத்தரம் | மிக அதிகம் |
| திரும்பி வர | எளிது | எளிது | எளிது | கடினம் |
| சுய ஆசையிலிருந்து காப்பு | தனியாகச் செய்தால் குறைவு | அதிகம் | அதிகம் | முன்பே சோதித்திருந்தால் மட்டும் |

## யார் எங்கே தொடங்கலாம்

படிப்பு முடித்து இப்போதுதான் ஊரிலிருந்து வந்து பி.ஜி.யில் தங்கியிருக்கும் தம்பி, தங்கைக்கு: வழி 3, கூடவே வழி 2. கன்னடம் படிக்கவும் தொடங்கிவிடுங்கள். இந்தப் பட்டணத்தின் நலனைத் தேட அதன் மொழி வேண்டும்.

கைக்குழந்தையும் கடன் தவணையும் உள்ளவர்களுக்கு ஆறு மாத ஊழியம் இப்போது வேண்டாம். இரவு படுக்கும் முன் கால் மணி நேரம் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்து, எங்கே உயிர் வந்தது, எங்கே வறண்டது என்று ஜெபத்தில் கேட்பது போதும். கணவனும் மனைவியும் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.

கடைசியாக, வேலை போனவர்களும் ஓய்வு பெற்றவர்களும். கே.ஜி.எஃப். எனும் கோலார் தங்கவயலில் 2001-ல் தங்கச் சுரங்கம் மூடியபோது, தலைமுறை தலைமுறையாகச் சுரங்கமே வாழ்க்கையாக இருந்த தமிழ்க் குடும்பங்கள் வழியறியாமல் திகைத்து நின்றன. அடுத்த தலைமுறை விடியற்காலை ரயிலில் பெங்களூருவுக்கு வேலைக்கு வந்து போகிறது. வேலை முடிந்தால் அழைப்பும் முடிந்தது என்று அந்தத் தகப்பன்மார் நினைத்திருந்தால் அவர்களுக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. மோசே முட்செடிக்கு முன்னால் நின்றபோது அவருக்கு வயது எண்பது. இந்த நிலையில் இருப்பவர்கள் புதிதாக எதையும் தேடும் முன், நம்பிக்கையான ஒருவரோடு உட்கார்ந்து, இதுவரை எதற்காகவெல்லாம் ஆட்கள் உங்களைத் தேடி வந்தார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். வேலைக்குச் சம்பந்தமே இல்லாதவற்றையும் எழுதுங்கள்: பஞ்சாயத்து பேச, பிள்ளைக்குக் கணக்கு சொல்லித்தர, ஆஸ்பத்திரிக்குக் கூடவர. அந்தப் பட்டியலில் திரும்பத் திரும்ப வருவதை எடுத்துக்கொண்டு வழி 3-க்குப் போங்கள்.